எடைமேடை

பர்கூர் பைபாஸ் எடைமேடையில்
எனக்கு இரவுப் பணி.
காலி லாரியாய் ஒருமுறை, கல்லோடு ஒருமுறை.
நிறுத்தினால்தான் தெரியும்
எது வண்டி, எது பாரம்.

இந்தச் செடிக்கும் அதே கணக்கு.
ஓசூர் நர்சரியில் நூற்றெண்பது ரூபாய்.
அடீனியம் என்று சீட்டில் எழுதித் தந்தார்கள்.
பாலைவன ரோஜா என்பாள் எதிர்வீட்டு ரத்னம்மா.
இவருக்கு அது "உன் குண்டுச் செடி."

தொட்டியை இரண்டு கையாலும் தூக்குவேன்.
கனத்தால் அப்படியே வைத்துவிடுவேன்.
வெறுங்கூடை போல எழும்பி வந்தால்
ஒரு சொம்பு, அடித்துளையில் ஒழுகும்வரை.
பிறகு மறந்துவிட வேண்டும்.
மறப்பதுதான் இதில் கஷ்டமான வேலை.

வெறும் மண் இதற்கு ஆகாது.
கிரஷரில் கால் மூட்டை சில்லு கேட்டேன்.
"வீடு கட்றியாக்கா?" என்றான் மாதேசன்.
வேருக்கு என்றேன். சிரித்துக்கொண்டே அள்ளிப் போட்டான்.
பாலிஷ் பட்டறைச் சேறு மட்டும் கூடாது,
காய்ந்தால் அது மறுபடி கல்லாகிவிடும்.
மிளகளவுச் சில்லாய்ச் சலித்து
மூன்று தண்ணீரில் அலசி
(அதற்குக் குழாயடியில் ஒரு சண்டை)
இரண்டு பங்குக்கு ஒரு பங்கு மக்கிய எரு.
கால் பெருத்த குழந்தை மாதிரி
மேலே உட்கார்ந்துகொண்டது.

மார்கழியில் இலையெல்லாம் கொட்டியது.
தூங்குகிறது, சாகவில்லை
என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.
அப்போது நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
தம்பிக்குக் கொடுத்த நாற்பதாயிரம்,
என்னைக் கேட்காமல்.
என் சங்கிலி சேட்டுக் கடையில்.

நான் பணிக்குப் போன இரவுகளில்
திம்மராஜ் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.
தினமும்.
எட்டு நாளைக்கு ஒருமுறை குழாய் வரும் தெருவில்
தான் குளிப்பதில் மிச்சம் பிடித்து.

தை மூன்றாம் நாள்
அடிவயிற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.
விரல் உள்ளே போனது.
மூட்டையில் அழுகிய உருளைக்கிழங்கு வாசம்.
வேன் சாவியோடு வாசலில் நின்றார்.
"வாடுதேன்னு..."
இருபத்தாறு நாளில் அதுதான் முதல் பேச்சு.

அவருடைய சவர பிளேடைச் சூடு காட்டினேன்.
பழுப்பு, பழுப்பு, இன்னும் பழுப்பு.
வெள்ளை வரும்வரை சீவினேன்.
"பால் மேல படாதே, விஷம்" என்றேன்,
அது என் முதல் பேச்சு.
பாதி உடம்பு போய்விட்டது.
மிச்சத்துக்கு மஞ்சள்தூள் அப்பி
காலண்டர் ஆணிக்குப் பக்கத்து ஆணியில்
தலைகீழாய்த் தொங்கவிட்டேன்.
பதினைந்து நாள் மண் கிடையாது, நீர் கிடையாது.
யாரும் அதைக் காப்பாற்றக் கூடாது.

விடியற்காலை நான் வரும்போது
அவர் அதன் முன்னால் நிற்பார்.
கை சொம்புவரை போகும், திரும்பும்.
கரண்ட் பில் தேதியைச் சுழிப்பது போல
பதினாறாவது நாளைப் பேனாவால் சுழித்திருந்தார்.

நட்டேன், வெட்டு வெளியே தெரியும்படி.
மேலும் ஒரு வாரம் பொறுத்து முதல் சொம்பு.
அதை அவரையே ஊற்றச் சொன்னேன்.
கை நடுங்கிப் பாதி சிமெண்டில் போயிற்று.

இப்போது சித்திரை.
எடைமேடையில் கல் லாரிகளுக்கு நடுவே
கூழ் ஆலைக்குப் போகும் மாங்காய் லாரிகள்.
தார் செருப்பில் ஒட்டுகிறது.
குழாய் வந்து பதினொரு நாள்.
சங்கிலி இன்னும் கடையில்தான்.
செடி ஒரு பக்கம் சாய்ந்தே வளர்கிறது,
தழும்பில்லாத பக்கத்தில் இரண்டு மொட்டு,
நகப்பூச்சு நிறத்தில்.

பள்ளி விடுமுறை, வேன் நிற்கிறது.
பகல் தூக்கத்தில் எனக்குக் கேட்கிறது
மாடிப்படியில் தொட்டி உரசி எழும்பும் சத்தம்.
கொஞ்ச நேரம் அப்படியே ஏந்திக்கொண்டு நிற்கிறார் போலிருக்கிறது.
"இன்னும் ரெண்டு நாள்"
யாருக்கோ சொல்லிவிட்டு
மெதுவாகக் கீழே வைக்கிறார்.